தரங்கம்பாடிக் கடற்கரையை நீர்வண்ணத்தில் தீட்டுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கடலைத் தீட்ட உட்காரும் பலரும் முதலில் நீல ட்யூபைத்தான் திறக்கிறார்கள். ஆனால் தரங்கம்பாடியில் காலை ஏழு மணிக்குக் கிழக்கு நோக்கி நிற்பவரின் கண்ணுக்கு நீலம் அநேகமாகத் தென்படுவதே இல்லை. வெள்ளியும் ஈயமும், கரையோரத்தில் மண் கலங்கிய பழுப்பும், உடையப்போகும் அலையின் மேல்விளிம்பில் ஓரிரு நொடிகள் மட்டும் ஒளிரும் பச்சையுமே அங்கே உள்ளன. கிழக்குக் கரையின் ஓவியத்தை நிறத்தைவிட இரண்டு விஷயங்களே தீர்மானிக்கின்றன: ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும், காகிதத்தில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பதும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சுற்றியே அமைந்திருக்கிறது.

தரங்கம்பாடியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1620-இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டை, பாண்டியர் காலத்தைச் சேர்ந்த, கடல் அரிப்பில் பெரும் பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில், அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்கள், மணலில் ஏற்றி வைக்கப்பட்ட ஃபைபர் படகுகள் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கடல் மட்டும் இருந்தால் படம் வெறுமையாகிவிடும். கட்டடம் மட்டும் இருந்தால் அது வரைபடமாகிவிடும். இங்கே இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வருகின்றன.

ஒரே கரையை விடாமல் தீட்டுவதற்கு முன்னுதாரணங்களும் இருக்கின்றன. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881-82 காலத்தில் இங்கிலாந்தின் வடகடல் ஓரத்திலுள்ள கல்லர்கோட்ஸ் என்னும் மீனவ ஊரில் தங்கி நீர்வண்ணத்தில் உழைத்தார். பிறகு 1883-இல் மெய்ன் மாநிலத்தின் ப்ரௌட்ஸ் நெக் என்ற பாறைக் கரையில் குடியேறி, 1910-இல் இறக்கும்வரை அதையே தன் இருப்பிடமாகக் கொண்டார். நம் பக்கத்தில், 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரும் தொடக்கக் காலத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான் பெயர் பெற்றார். இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பவருக்குக் கிடைக்காத ஒன்று ஒரே கரையில் நிலைப்பவருக்குக் கிடைக்கிறது: எந்த மாதத்தில் எந்த மணிக்கு எது நடக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

படி 1: பருவத்தையும் மணியையும் திசையையும் தேர்ந்தெடுத்தல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே தொடங்குபவருக்கு ஏற்றது. வானம் தெளிந்திருக்கும், காலைப் பனிமூட்டம் தூரத்தை மென்மையாக்கிக் கொடுக்கும். ஜூன், ஜூலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று, அலையின் உச்சியைப் பின்புறமாகச் சீவிக் கடல் பக்கம் தூவுவதைப் பார்க்கலாம். மிக அழகான காட்சி அது, ஆனால் அதே காற்று காகிதத்தில் வாஷை, அதாவது நீர் மிகக் கரைத்துப் பரவலாகப் பூசும் வண்ணத்தை, நிமிடத்தில் உலர்த்திவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கலங்கிப் பழுப்பாக இருக்கும். மழைக்கு ஒதுங்க இடமிருந்தால் சாம்பல் நிறங்களைப் பயில அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

மணியைப் பொறுத்தவரை ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். காலையில் கடலை நோக்கினால் சூரியன் எதிரே இருப்பதால் எல்லாப் பொருளும் இருண்ட உருவமாகவும், நீர் பளபளப்பாகவும் தெரியும். பிற்பகலில் சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவதால் அதே கடல் நீலப்பச்சையாக மாறும். ஆனால் கோட்டையின் கடல்பக்கச் சுவர் நிழலுக்குள் போய்விடும். கடற்கரையில் வடக்கு நோக்கி அமர்ந்தால் கடல் வலப்புறமும் கட்டடங்கள் இடப்புறமும் வரும். காலை ஒளி வலப்புறத்திலிருந்து குறுக்காக விழுந்து சுவர்களுக்கு ஒளிப்பக்கம், நிழல்பக்கம் இரண்டையும் கொடுக்கும். முதல் ஓவியத்துக்கு இந்தக் கோணத்தையே பரிந்துரைப்பேன். ஆறே முக்கால் மணிக்கு உட்கார்ந்தால் எட்டரை வரை நிழல்கள் நீளமாகவே இருக்கும், ஆனால் தொடக்கத்தில்தான் அவை வேகமாகச் சுருங்கும் என்பதால் அவற்றை முதலிலேயே குறித்துவிட வேண்டும். 

சூரியன் எழும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. இந்த அட்சரேகையில் அது ஜூன் இறுதியில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கேயும், டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கேயும் எழுகிறது. ஆகவே டிசம்பரில் எழுதிய ஓவியத்தை ஜூனில் அதே இடத்தில் அமர்ந்து முடிக்க நினைப்பது வீண். நீரில் விழும் ஒளிப்பாதையே வேறு இடத்தில் இருக்கும்.

படி 2: காகிதமும் வண்ணங்களும்

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வண்ணத்தில் குறைக்கலாம், தூரிகையில் குறைக்கலாம், காகிதத்தில் மட்டும் குறைக்கக் கூடாது. முழுப் பருத்தியாலான, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, சற்றுச் சொரசொரப்பான கோல்ட் பிரஸ்டு காகிதம் வேண்டும். மரக்கூழ்க் காகிதம் கடலோர ஈரத்தில் நெளிந்துபோவதோடு, வண்ணத்தைத் துடைத்தெடுக்கவும் இடங்கொடுக்காது. 56க்கு 76 செ.மீ. அளவுள்ள முழுத்தாளை நான்காக வெட்டினால் 28க்கு 38 செ.மீ. கிடைக்கும், வெளியிடத்தில் ஒரு காலையில் முடிப்பதற்கு இந்த அளவே போதுமானது.

காகிதத்தின் மேல் பூசப்பட்டிருக்கும் பசைப்பூச்சுதான் வண்ணத்தை உள்ளே உறிஞ்சிவிடாமல் மேற்பரப்பில் நிறுத்துகிறது. ஈரப்பதம் மிகுந்த அறையில் மாதக்கணக்கில் கிடந்த தாளில் இந்தப் பூச்சு கெட்டுவிடும். வாஷ் போட்டதும் ஆங்காங்கே மைத்தாளில் மை பரவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றினால் காரணம் அதுவே, கைப்பிழை அல்ல. தாள்களை சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக மூடிய பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பது நல்லது.

வண்ணங்கள் எட்டுக்கு மேல் தேவையில்லை: அல்ட்ரமரைன், கோபால்ட் நீலம், செருலியன், ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஒரு குளிர்ந்த, அதாவது பச்சைச் சாயல் கொண்ட மஞ்சள், குவினக்ரிடோன் ரோஸ், பர்ன்ட் அம்பர். ட்யூபின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைவிட நிறமிக் குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். அல்ட்ரமரைன் என்றால் பி.பி. 29, குவினக்ரிடோன் ரோஸ் என்றால் பி.வி. 19. பழைய அலிசரின் கிரிம்சனை, அதாவது பி.ஆர். 83-ஐ, தவிர்ப்பது நலம். ஒளி படப்பட அது வெளுத்துவிடும். தாலோ நீலம் கவர்ச்சியானதுதான், ஆனால் காகிதத்தில் கறையாகப் பிடித்துக்கொள்வதால் நுரையைத் துடைத்தெடுக்கும் வேலையைக் கெடுக்கிறது.

இவற்றில் மிகுதியாகச் செலவாகப் போவது அல்ட்ரமரைனும் பர்ன்ட் சியன்னாவும்தான். இரண்டையும் கலந்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் நனைந்த கருங்கல், சமமாகவும் கெட்டியாகவும் கலந்தால் படகின் அடிப்பகுதிக்கு ஏற்ற கருமை. கறுப்பு ட்யூப் வாங்கத் தேவையே இல்லை.

தூரிகையைக் கழுவுவதற்குக் கடல்நீரைப் பயன்படுத்துவது சிலருக்கு ஒரு கவிதையாகத் தோன்றுகிறது. ஆனால் உப்பு காகிதத்திலேயே தங்கி ஈரத்தை ஈர்த்துக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் நல்ல தண்ணீர் எடுத்துச் செல்வதே சரி.

படி 3: பென்சிலில் ஒரு டோன் (ஒளி-இருள் அளவு) ஆய்வு

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கட்டம் ஒன்றை நோட்டில் போட்டு, காட்சியை மூன்றே அளவுகளாகப் பிரிக்க வேண்டும்: காகித வெண்மை, நடுத்தரச் சாம்பல், கருமை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பிரிவுகள் தாமாகவே தெரியும். காலையில் வடக்கு நோக்கிய காட்சியில் நுரையும் ஈரமணலின் பளபளப்பும் வெண்மையிலும், வானமும் கடலும் கோட்டையின் ஒளிபட்ட சுவரும் நடுத்தரத்திலும், கருங்கற்களும் படகின் நிழலும் கருமையிலும் சேரும். வானமும் கடலும் ஒரே டோனில் இருக்கின்றன என்ற செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் பனிமூட்டமான காலைகளில் தொடுவானக் கோடே மறைந்துபோவது அதனால்தான்.

பத்து நிமிடம் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள், வெண்மையை எங்கே விட்டுவைப்பது என்று தெரியாமல் கடைசியில் அடியிலுள்ளதை மறைக்கும் வண்ணமான வெள்ளை கௌவாஷைத் தேடுகிறார்கள்.

படி 4: தொடுவானமும் கோட்டுருவமும்

தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்தில்தான் இருக்கும். சமதளமான மணலில் நின்று பார்த்தால், தம் உயரமே உள்ள மனிதர்கள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் அவர்களின் கண்கள் அந்தக் கோட்டிலேயே அமையும். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கண் உயரம் ஏறத்தாழ 1.1 மீட்டராகக் குறைகிறது. அப்போது மணலில் நிற்பவர் அனைவரின் இடுப்புக்குச் சற்று மேலே அந்தக் கோடு செல்லும், தலைகள் வானத்துக்குள் வந்துவிடும். கோட்டை மதிலின் மேல் ஏறிவிட்டால் கதை தலைகீழாகிறது: மணலில் உள்ள மனிதரும் படகுகளும் முழுவதுமாகக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். நின்று எடுத்த புகைப்படத்திலிருந்து படகையும், உட்கார்ந்து வரைந்த நோட்டிலிருந்து மனிதரையும் எடுத்து ஒட்டும் ஓவியங்களில் ஏதோ உறுத்துவதற்கு இதுவே காரணம்.

தொடுவானக் கோட்டினை அளவுகோல் வைத்து வரையலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கடல் சாய்ந்தால் படம் முழுவதும் சாய்ந்துவிடும். தாளின் நடுவில் மட்டும் அதைப் போடக் கூடாது. கோட்டையின் வெளிவிளிம்பு, ஒரு படகு, கற்குவியலின் எல்லை ஆகியவற்றை மட்டும் எச்.பி. பென்சிலால் மெல்லக் குறித்தால் போதும். அலையை வரையவே வேண்டாம்.

படி 5: வானமும் கடலும் ஒரே வாஷில்

காகிதத்தைப் பலகையில் கிளிப் போட்டு, மேற்பகுதியை விரலிரண்டு உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். வண்ணத்தை முதல் வாஷுக்கு நீர்மோர் பதத்திலும், கடைசிக் கருமைக்குக் கெட்டித் தயிர் பதத்திலும் கரைப்பது என்று பழகிக்கொண்டால் இடையிலுள்ளவை தாமாகப் பிடிபடும்.

வானத்தை மேலிருந்து கோபால்ட் நீலத்தில் தொடங்கி, கீழே வரவர நீர் சேர்த்து இளக்கி, தொடுவானத்தை நெருங்கும்போது ரா சியன்னாவுக்கு மாற வேண்டும். நீலமும் மஞ்சளும் நேரடியாகச் சந்தித்தால் வானம் பச்சையாகிவிடும்; இடையில் மிக இளகிய ரோஸ் ஒரு பட்டையைக் கொடுத்தால் அந்த ஆபத்து நீங்கும். செருலியனைவிடக் கோபால்ட் இந்த இடத்தில் பாதுகாப்பானது.

இங்கேதான் ஈரத்தின் கணக்கு வருகிறது. பயிற்சிப் புத்தகங்களில் சொல்லப்படும் உலரும் நேரங்கள் பெரும்பாலும் வேறு தட்பவெப்பமுள்ள நாடுகளுக்கு உரியவை. சோழமண்டலக் கரையில் விடியற்காலையில் வாஷ் மெதுவாகத்தான் உலரும். ஒன்பது மணி வெயிலில் அதே வாஷ் தூரிகை கீழே வருவதற்குள் மேலே காய்ந்து கோடு விழுந்துவிடும். ஆகவே கடிகாரத்தை நம்பாமல், கண்ணைக் காகிதத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பளபளப்பைப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் மின்னும்போது புதிதாக இடும் வண்ணம் எங்கும் பரவும். மேகத்தின் மேல்பகுதிக்கு அது ஏற்றது. பளபளப்பு மங்கிப் பட்டின் மினுமினுப்பாக மாறும்போது இடும் கெட்டியான வண்ணம் மென்மையான விளிம்போடு அங்கேயே நிற்கும். தொலைவிலுள்ள கரைக்கும் மரங்களுக்கும் உரிய தருணம் அது. பளபளப்பு முற்றிலும் போய், தொட்டால் மட்டும் சில்லென்று இருக்கும் நிலையில் தூரிகையைத் தள்ளி வைத்துவிட வேண்டும். அப்போது நீர் மிகுந்த ஒரு துளி விழுந்தாலும் காலிஃபிளவர் வடிவில் ஓரம் சுருண்ட கறை பூக்கும். அதைச் சரிசெய்ய எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் அதைப் பெரிதாக்கும்.

வானத்தைத் தொடுவானத்தோடு நிறுத்தாமல் கடலுக்குள்ளும் இழுத்து வந்து, நுரை தொடங்கும் இடத்தில் மட்டும் காகிதத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும். கடல் தன் நிறத்தில் பெரும் பங்கை வானத்திலிருந்துதான் பெறுகிறது என்பதால் இந்த ஒரே வாஷ் இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும். நன்றாக உலர்ந்தபின் கடலின் மேல் இரண்டாவது வாஷ்: தொடுவானத்தின் அருகே சற்றுக் கருத்த அல்ட்ரமரைன் சாம்பல், நடுவில் செருலியனோடு சிறிது மஞ்சள், கரையருகே மணல் கலங்கிய ரா சியன்னா. காற்று வீசும் நாளில் தொலைவிலுள்ள அலைகளின் சாய்ந்த முகங்கள் வானத்தின் உயர்ந்த, இருண்ட பகுதியைப் பிரதிபலிப்பதால்தான் தொடுவானத்தின் அருகே கடல் கருக்கிறது. காற்றில்லாத காலையில் அந்தப் பட்டையைப் போடக் கூடாது.

படி 6: உடையும் அலை

வண்ணத்தைத் தொடும் முன் பத்து நிமிடம் சும்மா பார்ப்பது அவசியம். அலைகள் மாறிக்கொண்டே இருந்தாலும் அவை உடையும் இடம் அடிமணலின் ஆழத்தைப் பொறுத்து ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எனவே ஒரே வடிவம் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். பல அலைகளிலிருந்து திரட்டிய ஓர் அலையைத்தான் நாம் தீட்டுகிறோம்.

அதன் உறுப்புகள் நான்கு. முதலாவது, மேல்விளிம்பு. காலைச் சூரியன் அலைக்குப் பின்னால் இருப்பதால் மெலிந்த அந்த நீர்த்தகட்டின் ஊடாக ஒளி வருகிறது. செருலியனும் குளிர்ந்த மஞ்சளும் கலந்த சுத்தமான பச்சையை இந்த ஓவியத்தில் இந்த ஓர் இடத்தில் மட்டும்தான் அனுமதிக்கலாம். இரண்டாவது, அதற்குக் கீழே அடர்ந்து கருக்கும் அலையின் முகம். அந்தப் பச்சை ஒளிர்வது இந்தக் கருமையால்தான் என்பதால், கை நடுங்காமல் கெட்டியாக இட வேண்டும். மூன்றாவது, உருண்டு விழும் நுரை. இது வெறும் வெள்ளை அல்ல. ஒளி வலப்புறத்திலிருந்து வந்தால் நுரையின் இடப்பக்கமும் அடிப்பக்கமும் இளம் ஊதாச் சாம்பலாக இருக்கும், காகித வெண்மை மேலே ஒரு கீற்றாக மட்டுமே மிஞ்சும். நான்காவது, உடைந்தபின் வலைபோல் பரவும் நுரைக்கோடுகள். கரையை நெருங்கும்போது இவற்றின் கண்கள் பெரிதாகவும், தொலைவில் தட்டையாக நசுங்கியும் இருக்க வேண்டும்.

நுரையின் விளிம்பில் சில இடங்கள் கூர்மையாகவும் சில இடங்கள் கரைந்தும் இருந்தால்தான் நீர் அசையும். அதற்கு உலர்ந்த தூரிகையைப் படுக்கவைத்து, காகிதத்தின் மேடுகளை மட்டும் தொடுமாறு வேகமாக இழுப்பதே சிறந்த வழி. வெண்மையைக் காக்க முன்கூட்டியே தடவிப் பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிடை இந்தக் கரையில் நான் பரிந்துரைப்பதில்லை. ரப்பர்ப்பால் அடிப்படையிலான அது வெயிலில் சூடேறினால் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது மேல்தோலையும் சேர்த்து இழுத்துவிடும். தப்பித்தாலும் விளிம்புகள் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். வெண்மை போதாவிட்டால், முற்றிலும் உலர்ந்தபின் பிளேடின் முனையால் ஓரிரு துளிகளைச் சுரண்டி எடுக்கலாம். ஹோமரும் தம் நீர்வண்ணங்களில் சுரண்டலையும் துடைத்தெடுத்தலையும் தயங்காமல் கையாண்டவர்தான்.

படி 7: ஈரமணல்

அலை பின்வாங்கியதும் சில நொடிகள் மணல் வானத்தைப் பிரதிபலிக்கும். நீர் உள்ளே இறங்கியதும் அது மங்கிக் கருக்கும். உலர்ந்த மணலைவிட நனைந்த மணல் எப்போதும் கருமையானது, ஆனால் பளபளக்கும் கணத்தில் மட்டும் வெளிச்சமாகிவிடுகிறது. ரா சியன்னாவும் சிறிது பர்ன்ட் அம்பரும் கலந்த வாஷை இட்டு, பட்டுப் பளபளப்பு நிலையில் வானத்தின் நிறத்தை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். பிரதிபலிப்புகள் நேர்க்கீழாகவே விழும். நிழல்கள்தான் சூரியனுக்கு எதிர்த்திசையில் சாயும். இரண்டையும் ஒரே கோட்டில் போடுவது அடிக்கடி காணப்படும் தவறு.

படி 8: கோட்டையும் கற்களும்

டான்ஸ்பர்க் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டது. ஒளிபட்ட சுவருக்கு இளகிய ரா சியன்னாவில் ரோஸ் ஒரு துளி. அது ஈரமாக இருக்கும்போதே அடிப்பகுதியில் பர்ன்ட் சியன்னாவைத் தொட்டுவிட்டால் உப்பேறிய காரையின் கறை தானாக உருவாகும். நிழல்பக்கத்துக்கு அல்ட்ரமரைனும் ரோஸும் சிறிது சியன்னாவும் கலந்த ஒரே வாஷ், ஒரே முறை. அல்ட்ரமரைன் மணல்மணலாகப் படியும் இயல்புடையது. சுவரின் சொரசொரப்புக்கு அதுவே போதும் என்பதால் செங்கற்களை எண்ணி வரைய வேண்டாம். சன்னல்களும் வளைவுகளும் கருமையாகத் தெரிந்தாலும், மேல்பகுதி கருத்தும் கீழ்ப்பகுதி தரையில் பட்டுத் திரும்பும் ஒளியால் சற்றுச் சூடேறியும் இருப்பதைக் கவனித்தால் அவை துளைகளாக இல்லாமல் ஆழமாகத் தெரியும்.

கருங்கற்களை ஒரே திரளாகத் தீட்டி, ஒளிபட்ட மேல்முகங்களில் நான்கைந்தை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

படி 9: படகும் மனிதரும்

படகின் ஃபைபர் உடலுக்குப் பளிச்சென்ற நிறம் உண்டு; அதைத் தணிக்கத் தேவையில்லை, சிறிய இடத்தில் இருப்பதால் படத்துக்கு அது உயிர் கொடுக்கும். படகை மணலோடு பிணைப்பது அதன் அடியிலுள்ள இறுக்கமான நிழல். வலை பிரிக்கும் குழுவைத் தீட்டும்போது தலைகளைச் சிறியதாகவும், கால்களைக் கீழே செல்லச்செல்ல மணலில் கரைந்தும் விட வேண்டும். இருவர், மூவரை ஒரே உருவமாகச் சேர்த்துவிட்டு, ஒருவரைச் சற்றுத் தள்ளி வைப்பது இயல்பாக இருக்கும். அருகில் அமரும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. வேலைநேரத்தில் அவர்களின் வழியில் நாற்காலி போடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

படி 10: வீட்டில் முடித்தலும் பாதுகாத்தலும்

ஓவியத்தை ஒரு நாள் விட்டுவிட்டு, உலர்ந்தபின் டோன் ஆய்வின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீர்வண்ணம் உலர்ந்ததும் வெளிறிவிடும் என்பதால் பெரும்பாலும் குறைவது கருமையே. படகின் அடியிலும் கற்களின் இடுக்கிலும் இரண்டு மூன்று அழுத்தமான தொடுதல்கள் போதுமானவை. வானத்தைத் திருத்தும் ஆசை வந்தால் அதே ஆய்வை வைத்துப் புதிய தாளில் தொடங்குவதே மேல்.

பின்புறத்தில் பென்சிலால் தேதி, மணி, அமர்ந்த இடம், காற்றின் திசை, பயன்படுத்திய நீலம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் அடுத்த பருவத்தில் அதே ஒளியைத் தேடிப் போக உதவும். சட்டமிடும்போது அமிலமற்ற மவுன்ட் அட்டையைப் பயன்படுத்தி, கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி விட வேண்டும். ஒட்டியிருந்தால் கடலோர வீடுகளில் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் சிறு கார்க் துண்டுகளை ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டாமல், அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரில், நேர்வெயில் படாத இடத்தில் மாட்டுவது பாதுகாப்பானது.